குடை விரித்த கதையும் கௌசியின் மைக்கும்

ஹட்டனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனை வரைக்கும் கௌசியின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா" என்றாள். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பி, "இன்னைக்கு எந்தச் சேலைக்கு வெலக் கழிவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஹட்டன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகராஜா முதலாளிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் சொல்வதுதான் கௌசியின் வேலை. ஆட்டோவை ஓட்டுவது அவள் புருஷன் ஜீவராஜ். அவன் வாய் திறப்பது கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான் என்று தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணப் பேச்சின்போதே கௌசியின் அம்மா மாப்பிள்ளைக்குப் பேச வருமா என்று சந்தேகப்பட்டாளாம். "வராட்டி என்னாம்மா, நான்தான் இருக்கேனே" என்று கௌசி சமாதானம் சொன்னாள்.

முதலாளி ஒரு தடவை கொழும்பில் யாரோ ஒரு வானொலிக்காரரைக் கொண்டு விளம்பரத்தைப் பதிவு செய்துவந்து ஓட விட்டுப் பார்த்தார். குரல் கணீரென்று இருந்தது. கடைக்கு ஒரு ஈ, காக்காய் வரவில்லை. காரணம் எளிது. அந்தக் குரலுக்குக் கண் இல்லை. கௌசி பார்த்துப் பேசுவாள். "பச்சைக் கதவு வீட்டு அக்கா, கொடியில சேலை நனையுது, ஓடியாந்து எடுங்க! சாயம் போச்சுன்னா கவலப்படாதீங்க, நம்ம கடையில சாயம் போகாத சேலை வந்திருக்கு!" என்பாள். நனைந்த சேலையை எடுக்க வந்தவள் அடுத்த நாள் கடையில் நிற்பாள்.

மரண அறிவித்தல்களுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதில் மட்டும் அவளுக்கு ஒரு கண்டம் இருந்தது. ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கை மிக உருக்கமாக அறிவித்துக்கொண்டே வந்தவள், "பூதவுடல் பிற்பகல் மூன்று மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும்" என்று முடித்த கையோடு, நாக்குப் பழக்கத்தில், "சந்தர்ப்பத்தைத் தவறவிடாதீர்கள்!" என்று சேர்த்துவிட்டாள். செத்தவரின் மகன்களே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். அன்று கூட்டம் அதிகம் என்பதையும் சொல்லவேண்டும்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்துத் தலைவர் சிவசாமி வந்து நின்றார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்குத் தலைவர். ஆளும் உயரம், கோபமும் உயரம்.

"கௌசி, இந்த ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல குடை நாள் வைக்கிறோம். ஊரு பூராவும் அறிவிக்கணும்."

"என்னா நாளுங்க தலைவரே?"

கௌசி பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தலைவர் சொல்லித்தான் அவளுக்கே விவரம் தெரிந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத்து ஆட்களிடமிருந்து ஓட்டுரிமை பறிபோன காலம். ஆனைக்கல்லில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தான். அவனுடைய பங்களா வாசலைத் தாண்டும்போது தோட்டத்து ஆள் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவேண்டும், குடையை மடக்கவேண்டும். மழைக்குப் பேர்போன வட்டவளைப் பக்கத்தில் கையில் குடையை வைத்துக்கொண்டே ஜனங்கள் தொப்பலாக நனைந்து போனார்கள். ஒருநாள் பெண்கள் சேர்ந்து குடையை மடக்காமல் நடந்தார்கள். முன்னால் நடந்தது சிவசாமியின் பாட்டி காளியாயி.

"இதெல்லாம் இப்ப எதுக்கு ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டாள் கௌசி.

தலைவருக்கு முகம் சிவந்தது. அந்த பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். அங்கே தண்ணிக்குழாய் திருத்தப் போனவர் கூடத்தில் படங்களைப் பார்த்திருக்கிறார். துரை, துரைசாணி, துரையின் குதிரை. கடைசியில் துரையின் நாய். "நாய்க்குக் கீழ பேரு போட்டிருக்கான் கௌசி! ராக்சியாம்! எங்க பாட்டிக்கு எங்கயும் பேரு இல்ல. நாய்க்கு இருக்கு!"

கௌசிக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. பேசுவதற்குக் கண்டியிலிருந்து ஒருவர் வருவதாக ஏற்பாடு. கினிகத்தேனைக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து அவருடைய வேன் நின்றுவிட்டது. காத்திருந்த சனம் இரண்டு முறை தேத்தண்ணி குடித்தது. மூன்றாவது முறை தேத்தண்ணி தீர்ந்துபோனதும் ஒவ்வொருவராகக் குடையைத் தேட ஆரம்பித்தார்கள். மைக் கௌசியுடையது. ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் மேடையோரம் நின்றிருந்தாள்.

"எதயாச்சும் சொல்லு புள்ள, சனம் கலையுது" என்றார் தலைவர்.

"எனக்கு நீங்க சொன்னதுதாங்க தெரியும்."

"அதச் சொல்லு!"

கௌசி மைக்கைப் பிடித்தாள். பிடித்ததும் நாக்கு தன் வழியே போயிற்று.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே!"

போகக் கிளம்பியவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அது போதும் அவளுக்கு.

"செவப்புத் தொப்பி அண்ணே, எங்க போறீங்க? வெளிய மழ. கையில குடை இருக்கு, விரிச்சுக்கிட்டுப் போவீங்க. ஒங்க தாத்தாவால முடியுமா? முடியாது! பங்களா வாசல்ல அவரு குடைய மடக்கணும். குடைக்குக் கீழ மனுசன் இருந்த காலம் இல்லண்ணே அது. மனுசன் கக்கத்துல குடை நனையாம இருந்த காலம்!"

சிவப்புத் தொப்பிக்காரர் உட்கார்ந்தார். கௌசிக்குச் சூடு ஏறியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னதை, துரை வராந்தாவில் குழாய் புகைத்ததை, ராக்சி குரைத்ததை எல்லாம் நேரில் பார்த்தவள்போல் சொன்னாள். ராக்சி குரைத்ததை அவளே குரைத்தும் காட்டினாள். பிறகு, "எல்லாருக்கும் முன்னால, மொத குடைய விரிச்சது யாரு? நம்ம காளியாயி!" என்றாள்.

அங்கேதான் வினை தொடங்கியது.

"யாரு சொன்னா?" பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மொத குடை எங்க அப்பாயி அங்கம்மாவோடது!"

"அங்கம்மாவுக்குக் குடை ஏதுடி? எங்க வீட்டுக் குடையத்தான் எரவல் வாங்கிட்டுப் போனாங்க!" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப ஒங்க வீட்டு ஆளு எதப் புடிச்சிக்கிட்டுப் போனாங்களாம்?"

"சொளகு!"

கூரைத் தகரம் அதிரும்படி சிரிப்பு. ஆனால் சுளகு என்ற சொல் விழுந்ததும் எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. தன் பெரியாத்தா சேம்பு இலை பிடித்ததாக ஒருவர் சொன்னார். ஒரு வீட்டில் சோற்றுச் சட்டி மூடி. ஒரு வீட்டில் சாக்கு. தலைவர் எழுந்து நின்று, தன் பாட்டிதான் முதல் என்று மேசையைக் குத்தினார். மேசையில் இருந்த குத்துவிளக்கு ஆடியது.

கௌசி சந்தைச் சண்டைகளைப் பார்த்தவள். கழிவு நாளில் ஒரே சேலையை இரண்டு பேர் இழுக்கும்போது என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தாள்.

"தள்ளுமுள்ளு வேணாம்! எல்லாருக்கும் இருக்கு! வரிசையா வாங்க! ஒருத்தர் சொல்லி முடிச்சதும் அடுத்தவங்க. சொளகு வீட்டுக்காரங்க மொதல்ல!"

அவரவர் வீட்டுச் சங்கதியை அவரவர் மைக்கில் சொன்னார்கள். முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த வீரம்மா அன்று சின்னப் பிள்ளையாகத் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவளாம். யார் முதல் என்று அவளையே கேட்டார்கள். வீரம்மா எரிச்சலுடன் கையை உதறினாள்.

"அந்த மழையில மூஞ்சி யாருக்குத் தெரிஞ்சிச்சு? குடைதான் தெரிஞ்சிச்சு. போங்க அங்கிட்டு."

சிரிப்பு அடங்கியபின் மிச்சக் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. நடந்தவர்களுக்கெல்லாம் அடுத்த நாளே பேர் வெட்டினார்கள். வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. சட்டிபானையை, பாயை, பிள்ளையின் தொட்டில் துணியை மழையில் ரோட்டுக்கு எடுத்து எறிந்தார்கள். ஓட்டு இல்லை என்பதால் கேட்க ஒரு மந்திரியும் வரவில்லை. மறுநாள் காலை ஆட்களை வேலைக்குக் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடித்தார்கள். தப்புச் சத்தம் மலையெல்லாம் கேட்டது. ஒரு ஆள் போகவில்லை. கொழுந்து முற்றிக் கிடந்தது. கடைசியில் துரை ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டான். குடையை மடக்கு என்று அதன்பிறகு யாரும் யாரையும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது கௌசியின் விளம்பரக் குரல் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டில் துணி என்ற இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். ஒலிபெருக்கி பழுதோ என்று யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கௌசியால் சும்மா விளம்பரம் சொல்லிக்கொண்டு போக முடியவில்லை. சனம் விடவில்லை. "சாரம், சேலை வெல எங்களுக்குத் தெரியும். தப்பு அடிச்சதுக்கப்புறம் துரை என்னா செஞ்சான், அதச் சொல்லு" என்று ஆட்டோவை மறித்தார்கள். அவளும் இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் கொஞ்சம் கதை, இரண்டு கதைக்கு நடுவில் கொஞ்சம் விளம்பரம் என்று ஓட்டினாள். பேர் வெட்டிய கட்டத்தில் ஆட்டோ அடுத்த தோட்டத்துக்குத் திரும்பிவிடும். மிச்சம் கேட்க ஆட்கள் அடுத்த தோட்டத்துக்கு நடந்தார்கள். முதலாளி கடையில் ஜவுளி ஓட்டம் சுமார்தான். மூலையில் கிடந்த பழைய குடைகள் மட்டும் தீர்ந்துபோயின.

ஆனைக்கல் ஹோட்டலில் காலையில் விருந்தாளிகள் புல்தரையில் பாய் விரித்து யோகா செய்வார்கள். கண்ணை மூடி அமைதியைத் தேடுவார்கள். அந்த அமைதிக்குள் ஒருநாள் கௌசி, "ரெண்டு சாரம் எடுத்தால் ஒரு துவாய் இலவசம்!" என்று நுழைந்தாள். பின்னாலேயே கௌசியின் வாயில் ராக்சியும் குரைத்தது. மெனேஜர் முதலாளிக்கு டெலிபோன் எடுத்தார். ஹோட்டலுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் முதலாளி கடையிலிருந்துதான் போகிறது.

முதலாளி கௌசியைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா, பங்களா கேட்டுக்கிட்ட வந்தா மைக்க நிப்பாட்டிரு. தாண்டிப் போனதும் போட்டுக்க."

"அது பொது ரோட்டுதானே முதலாளி?"

"பொது ரோட்டுதான். ஆனா கேட்டு அவங்களோடது."

இந்த நியாயம் கௌசிக்கு விளங்கவில்லை. ஆனாலும் பிழைப்பு. அடுத்த நாள் பங்களா திருப்பம் வந்ததும் சுவிட்சை அமுக்கினாள். ஆட்டோ சத்தமில்லாமல் வாசலைத் தாண்டியது. தாண்டிக் கொஞ்சத் தூரம் போனபிறகு ஜீவராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"மடக்கிட்ட."

"என்னாத்த மடக்கினேன்?"

"குடைய."

எப்போதும் பேசாதவன் பேசினால் அது சுளீரென்று விழுகிறது. கௌசி வீட்டுக்குப் போய்ச் சட்டிகளைச் சத்தமாகக் கழுவினாள். அவனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்ற மறந்தாள். அவன் வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். மறுநாள் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அதில் வித்தியாசம் தெரிந்ததா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் பங்களா திருப்பத்தில் அவள் கை சுவிட்சுப் பக்கம் போனது, அப்படியே மடிக்கு வந்தது. மைக் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் வாச்சர் முத்துலிங்கம் இரண்டு கையையும் விரித்து ஆட்டோவை மறித்தார்.

"நிப்பாட்டும்மா, நிப்பாட்டு! மெனேஜர் ஐயா சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு!"

மைக் அவர் பக்கம் திரும்பியிருந்ததால் அவர் சொன்னதும் மலை முழுக்கக் கேட்டது. முத்துலிங்கம் தன் குரலையே கேட்டுப் பயந்து, குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடக்கூடாது" என்றார். அதுவும் கேட்டது.

கௌசி கதைக்குள்ளிருந்து இறங்கவில்லை. "அண்ணே, நீங்க நிக்கிற எடத்துலதான் காளியாயி—"

"காளியாயியா?" முத்துலிங்கத்தின் கை கீழே இறங்கியது. குடை நாளன்று அவருக்குக் காவல் வேலை. கூட்டத்துக்குப் போகமுடியவில்லை. தன் அப்பாயி அங்கம்மாவுக்கு இரண்டாம் இடம் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் வந்து சேர்ந்திருந்தது. அதை அவர் அன்றிலிருந்து மென்று கொண்டிருந்தார். "ஒனக்கு யாரு சொன்னா? இந்தா, குடு இப்படி!"

மைக் அவர் கைக்குப் போனது. அங்கம்மா எங்கே நின்றாள், எந்தக் கையில் குடை பிடித்தாள், இடுப்பில் இருந்த பிள்ளை எப்படி அழுதது, அந்தப் பிள்ளை தன் தகப்பன்தான் என்பது வரைக்கும் முத்துலிங்கம் வாசலின் நடுவில் நின்று முழங்கினார். மேலே புதுமலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து, "அது எரவல் குடை!" என்று கூவினார்கள். "யாருடி சொன்னது?" என்று அவர் மைக்கிலேயே கேட்டார்.

மெனேஜர் ஓடிவந்தார். காலி நகர்ப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தமிழ் அவருக்கு வணக்கத்தோடு சரி. தன் வாச்சரே மைக்கைப் பிடித்துக் கத்துவதைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று அவரிடமே கேட்டார். முத்துலிங்கம் சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மைக்கை அணைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆக, கதை இரண்டாம் முறையாகச் சிங்களத்தில் ஒலிபரப்பானது.

சத்தம் கேட்டு விருந்தாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். மழை தூறத் தொடங்கியது. "இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தியா?" என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டாள். மெனேஜர் ஒரு கணம் யோசித்து, "ஆமாம்" என்றுவிட்டார்.

அந்த 'ஆமாம்' அவரை விடவில்லை. அடுத்த வாரமே கௌசியைக் கூப்பிட்டு, கொழுந்துக் கூடை மாட்டி, இடுப்பில் படங்குத் துணி கட்டி, வாரத்துக்கு மூன்று நாள் வந்து கதை சொல்ல முடியுமா என்று முத்துலிங்கத்தை வைத்துக் கேட்டார்.

"கூடை எதுக்கு? நான் கொழுந்து எடுக்கிற ஆளு இல்லீங்களே, மைக் பேசுற ஆளு" என்றாள் கௌசி. "கத கேக்கணும்னா குடை நாளுக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லுங்க. தேத்தண்ணியும் குடுப்போம், தீர்ந்து போகாம இருந்தா."

மைக்கை நிறுத்தச் சொல்லும் பேச்சு அதோடு போயிற்று. முதலாளியும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் புதிதாகக் குடைகளை இறக்குமதி செய்யும் யோசனையில் இருந்தார். அன்று குடையோடு நடந்த பெண்களின் பெயர்ப்பலகை ஒன்றை ஹோட்டல் கூடத்தில் மாட்ட மெனேஜர் சம்மதித்திருக்கிறார். முதல் பெயர் யாருடையது என்பதில் சிவசாமியும் முத்துலிங்கமும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பதால் பலகை எழுதப்படவில்லை. வட்டமாக எழுதினால் முதலும் கடைசியும் இருக்காது என்று கௌசி சொல்லிப் பார்த்தாள். வட்டத்துக்கும் மேல் பக்கம் உண்டு என்று தலைவர் சொல்லிவிட்டார்.

இப்போது கௌசி கினிகத்தேனைக் கடைத்தெருவில் கதையைச் சிங்களத்திலும் சொல்கிறாள். அவளுடைய சிங்களம் விலை சொல்லப் பழகிய சிங்களம். குடைக்கு மட்டும் அவள் வார்த்தை தேடவேண்டியிருக்கவில்லை, அங்கேயும் அது குடைதான். போன மாதம் ஒருநாள் அவள் பங்களா வாசல் வரைக்கும் கதையைக் கொண்டுவந்தபோது, அன்னாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ அருகில் வந்தாள். தன் ஊரிலும் ஒரு வளவு, சிங்களப் பிரபு ஒருவரின் பெரிய வீடு, இருந்தது என்றாள். அந்த வாசலைத் தாண்டும்போது தன் அம்மாவின் ஆட்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவேண்டும் என்றாள். தன் மாமா ஒருவர் கழற்றவில்லை என்றாள். சொல்லிவிட்டு, இதையெல்லாம் ஏன் சொன்னோம் என்பதுபோல் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பொறவு?" என்று கேட்டாள் கௌசி. மைக்கை அவள் பக்கம் நீட்டினாள்.

அந்தப் பெண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மைக்கைப் பார்த்து, பிறகு கௌசியைப் பார்த்து, மெதுவாகத் தொடங்கினாள். அவள் பேசி முடிக்கும்வரை கௌசி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முன்சீட்டில் இருந்த ஜீவராஜ், தன் பெண்சாதிக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.